முடிவுகளை முதலில் பார்த்தவளுக்கு

உன்னிடம் முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை எதிர் வீட்டு நிச்சயத்தில், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், நாற்பத்தாறு வயதுப் பெண்மணியான நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவிட்டேன். ஓடினேன் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. என் செருப்பில் ஒன்று இன்னும் அந்த வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. போய் எடுத்துவர வெட்கமாக இருக்கிறது.

யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி தட்டில் கலர் சோடா பாட்டில்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஆரஞ்சுக் கலர், பாட்டிலின் மேல் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஸ்ட்ராவைப் போட்டு, "குடிங்க, வெயிலு என்னா போடு போடுது" என்று என்னிடம் நீட்டினாள். அந்தச் சீனி வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்துவிட்டேன். கலர் வந்தால் முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் மோசமாக வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த அகராதியை என் மண்டைக்குள் எழுதிவைத்தது நீதான். எழுதிவிட்டு, நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

ஆளாளுக்குக் கையில் போன் வராத காலம் அது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, நான்கு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினுமாக நீ பிரவுசிங் சென்டர் நடத்தினாய். நான் மத்தியானத்துக்கு மேல் வந்து உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். எழுத்துப் பிழை பார்த்துத் திருத்துவதால் என்னை நீ "டீச்சரே" என்று கேலியாகக் கூப்பிடுவாய். ரிசல்ட் நாளில் கூட்டம் படியைத் தாண்டி ரோட்டில் நிற்கும். வாசுதேவநல்லூரிலிருந்துகூட வருவார்கள். அங்கேயெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. உனக்குக் கைராசி என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பியிருந்தது. யார் கிளப்பியது என்று நான் கேட்டபோது, "நாந்தான்" என்றாய்.

உன் கடையில் யாரும் தன் முடிவைத் தானே பார்க்கக் கூடாது. திரை உன் பக்கம் திரும்பியிருக்கும். "நம்பரச் சொல்லிட்டு அங்கன திரும்பி நில்லு" என்பாய். நீ பார்ப்பாய். அந்த நேரத்தில் உன் முகம் தபால் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே என்ன விழுந்தது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பாஸ் என்றால், "போ, போயி வீட்டுல சொல்லு, பிரிண்டு பொறவு வாங்கிக்கிடலாம்." பெயில் என்றால் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாய். பக்கத்துப் பெட்டிக்கடையைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு கலரு!" என்று குரல் கொடுப்பாய். ஃபேனுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, பாதி பாட்டில் உள்ளே இறங்கியபிறகுதான் விஷயத்தைச் சொல்வாய்.

"எதுக்குட்டி இந்தச் சடங்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெறும் வயித்துல கேக்கப்பிடாது டீச்சரே. சீனி உள்ள போச்சுன்னா ஆளு மயங்கி விழாது. மொத வருசம் ஒருத்தி ஜெராக்ஸ் மெஷினு மேலயே விழுந்துட்டா."

"ஒனக்கு அவ மேல கவலையா, மெஷினு மேல கவலையா?"

"மெஷினு தவணையில வாங்குனது."

இந்தச் சடங்கு நாளாவட்டத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. உன் கடை ஸ்டூலில் யாராவது கலரோடு உட்கார்ந்திருந்தால் ரோட்டில் போகிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கீழப்பாவூர் மீசைக்காரரை மறந்திருக்கமாட்டாய். குரூப் ஃபோர் எழுதியவர், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். நல்ல மே மாத வெயிலில் வந்து நின்றார். ஆள் வேர்த்து ஊற்றுவதைப் பார்த்து, நீ இரக்கப்பட்டு, அவர் நம்பரைக்கூடக் கேட்காமல், "அண்ணாச்சி, இவுகளுக்கு ஒரு கலரு" என்று சொல்லிவிட்டாய். மனுஷன் உன்னைப் பார்த்தார், பெட்டிக்கடையைப் பார்த்தார், திரும்பிப் பார்க்காமல் ஓட ஆரம்பித்துவிட்டார். ரெண்டு மணி நேரம் கழித்துக் குற்றாலத்தில், மெயின் அருவிப் படிக்கட்டில், தேங்கிக் கிடந்த தண்ணீரில் இறங்கி ஏறி, சட்டையும் பேன்டும் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தவரை அவருடைய மச்சினன் கண்டுபிடித்தான். அவர் பாஸ். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "தண்ணி வரத்து இல்லாத மாசம், பொழச்சாரு" என்று சொல்லிவிட்டு அன்று சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டாய். அதற்குப் பிறகு தாகம் என்று வந்தவர்களுக்கு உன் கடையில் பானைத் தண்ணீர்தான்.

அந்த மீசைக்காரரை நினைத்து நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன். இன்று காலை நான் ஓடியது அவர் ஓட்டம்தான். மீசை இல்லை, அவ்வளவுதான்.

சரி, எந்த முடிவுக்கு இந்த ஓட்டம் என்று கேட்பாய். சொன்னால் சிரிப்பாய், சிரித்துக்கொள். பிஎச்.டி.க்கு விண்ணப்பித்திருக்கிறேன். வரலாறு. நாம் இருவரும் தபால் வழியில் எம்.ஏ. படித்தோமே, அந்தச் சான்றிதழைப் பீரோவிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, மூன்று பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினேன். முதல் இடத்திலிருந்து ஈமெயில் வந்தது. வருந்துகிறார்களாம். திறந்து படித்த கையோடு சூட்டில் இருந்த தோசைக் கல்லைப் பிடித்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் பட்டியல் போட்டார்கள். மேலிருந்து கீழே வந்தேன், கீழிருந்து மேலே போனேன், என் பெயர் வழியில் எங்கும் ஏறவில்லை. மூன்றாவது இடம்தான் பாக்கி. பகுதிநேர ஆராய்ச்சி, நேர்காணல் மட்டும். அதுவும் முடிந்துவிட்டது. இந்த வாரம் முடிவு என்றார்கள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் பழைய குருடி. ஆனால் எனக்குப் பழைய குருடியும் இல்லை. உன் கடை போன கையோடு என் மத்தியான வேலையும் போயிற்று. வரும் ஜூனில் என்னைக் கட்டிய மச்சான் சவூதியை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுகிறார். அதை நினைத்தால் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வந்ததும் ஜன்னல் ஸ்கிரீன் துணியும் மிதியடியும் விற்கிற கடை போடுகிறார். இடம் பார்த்தாகிவிட்டது. நான் விண்ணப்பித்ததைச் சொன்னபோது போனில் கடை வாடகைக் கணக்கைச் சொல்லி முடித்தார். பிறகு, "கெடச்சா படி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கெடைக்கலன்னா கடையில ஒக்காரு. ஆளு வேணும்லா" என்றார். எவ்வளவு நியாயமான மனிதர் பார். கொஞ்சம் அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஆக, அந்தப் பட்டியலில் என் பெயர் இருந்தால் நான் ஆராய்ச்சி மாணவி. இல்லாவிட்டால் ஜூன் முதல் கடைசிவரைக்கும், "மேடம், ஜன்னல் உயரம் எத்தன அடி?" இதற்கு மேல் இன்னொரு வருஷம் விண்ணப்பிக்க எனக்கு மூஞ்சியும் இல்லை, வீட்டில் பொறுமையும் இல்லை.

நேர்காணல் கதையை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடந்தது. சுவரில் வெள்ளைப் படுதா கட்டி, கதவைப் பூட்டி, நல்ல புள்ளையாக உட்கார்ந்திருந்தேன். மூன்று பேராசிரியர்கள். ஒருவர் நெற்றி மட்டும் தெரிந்தது. நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து, மச்சானைப் பெற்ற மாமி அடுக்களையில் மிக்ஸியைப் போட்டார். "என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள்?" என்றார் நெற்றிக்காரர். குற்றால சீசனுக்கு வந்து தென்காசி வீடுகளில் தங்கிய விருந்தாளிகளின் வரலாறு என்றேன். மூவரும் சேர்ந்து ஒரு கணம் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். "சான்றுகளுக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்டார்கள்.

அங்கேதான் நீ வந்து காப்பாற்றினாய். நினைவிருக்கிறதா, உன் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்த அன்று, சீசன் விருந்தாளிகளுக்குச் சோறு பொங்குவதற்கென்றே வாங்கிப்போட்ட அண்டாக்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பெயர், ஒரு தேதி, யார் யாருக்குக் கொடுத்தது என்ற விவரம் வெட்டியிருந்தது. "ஏட்டி, இந்த ஊரு சரித்திரம் பூரா நம்ம பரண்லதான் கெடக்கு, எவனும் ஏணி போட்டுப் பாக்க மாட்டுக்கான்" என்றாய். அதைத்தான் கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொன்னேன். பாத்திரத்தில் வெட்டியதெல்லாம் சான்றாகுமா என்று நெற்றிக்காரர் இழுத்தார். "கல்லுல வெட்டுனா சான்று, அண்டாவுல வெட்டுனா இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டேன். மிக்ஸி நின்ற நேரம். என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது. ஒருவர் சிரித்தார். சிரித்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று அன்றிலிருந்து புரட்டிப் புரட்டி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே சிரித்துக்கொண்டு திரிகிறேனே தவிர, உள்ளுக்குள் எந்நேரமும் அதே நினைப்புத்தான். எந்த ஊரிலிருந்து எப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாம் விண்ணப்பித்திருப்பார்கள் என்று கற்பனை ஓடுகிறது. இருபத்து மூன்று வயதில், கண்ணாடி போட்டு, இங்கிலீஷில் அடிக்குறிப்பு எழுதும் பெண்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர்கூட வைத்துவிட்டேன். ஒருத்தி தங்கப் பதக்கக்காரி. அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை.

போனைப் பார்த்தாலே பயம் என்பதால் அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். இது இரண்டாவது மானக்கேடு. மே மாதம் பிறந்துவிட்டதால் மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் சொந்தக்காரர்கள் "தண்ணி விழுதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவர் கூப்பிடும்போதும் அரிசி அதிர்கிறது, அதோடு நானும் அதிர்கிறேன். முந்தாநாள் மாமி அடுக்களையிலிருந்து அலறினார்: "ஏட்டி, இங்கன வா! ஒம் மாப்ள அரிசி டின்னுக்குள்ள இருந்து கூப்புடுதான்!"

உனக்கு மட்டும்தான் தெரியும், எனக்குப் பயம் பட்டியல் மேல் இல்லை, திறந்து பார்ப்பதன் மேல் என்று.

எம்.ஏ. முடிவு வந்த அன்றைக்கும் அப்படித்தான். நான் கடைப்பக்கமே வரவில்லை. நீ தோளில் துண்டோடு என் வீட்டுக்கு வந்து, "குத்தாலம் போவோம், கெளம்பு" என்றாய். முகம் தபால் பெட்டி. பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. நல்ல சீசன். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நசுங்குகிற கூட்டம், போலீஸ்காரம்மா விசில் ஊதி ஊதி ஆட்களை நகர்த்திக்கொண்டிருந்தார். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அருவிக்குக் கீழே நிறுத்தினாய். என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னமோ கத்தினாய். தலையில் மலையே விழுகிறது, எனக்கு என்ன கேட்கும்? நான் ஒன்று புரிந்துகொண்டேன்: யாருக்கும் தெரியாமல் அழட்டும் என்றுதான் இவள் நம்மை இங்கே கூட்டி வந்திருக்கிறாள். நின்ற இடத்திலேயே அழுது தீர்த்தேன்.

வெளியே வந்து துவட்டும்போது, "என்னட்டி, இம்புட்டு சந்தோசமா?" என்றாய்.

"என்ன சந்தோசம்?"

"உள்ளயே சொன்னேம்லா, பாஸுன்னு!"

"ஒண்ணுமே கேக்கல."

"பொறவு எதுக்குட்டி அழுத?"

"பெயிலுன்னு நெனச்சுத்தான்."

நீ அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாய். மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தாய். உன் நம்பர் என்ன ஆயிற்று என்று எனக்குக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அடுத்த நாள் மத்தியானம் கடைக்கு வந்தபோது நீ தன்னந்தனியாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கலர் குடித்துக்கொண்டிருந்தாய். ஒரு பேப்பர் போயிருந்தது. "எனக்கு நானேதான் வாங்கிக்கிடணும், வேற யாரு வாங்கித் தாரா" என்றாய். அந்தப் பேப்பரை நீ மறுபடி எழுதவில்லை. நானும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. இதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், உனக்குத் தெரிந்திருக்கும்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னல். ஏதோ வயிற்று வலி, அல்சராக இருக்கும் என்றுதான் நாம் பேசிக்கொண்டு போனோம். பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் சீலை கட்டியிருந்த லட்சணத்தைப் பற்றி ஆலங்குளம் தாண்டும் வரைக்கும் புறணி பேசினோம். கவரை வாங்கியதும் நீ என் கையில் கொடுத்தாய். ஊரில் உள்ளவர்கள் முடிவையெல்லாம் முதல் ஆளாகப் பார்த்தவள், "நீ பாரு. நான் அங்கன திரும்பி ஒக்காருதேன்" என்றாய். இரும்பு நாற்காலியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாய். சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் பிரித்தேன். அதில் பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று உன்னிடம் இத்தனை வருஷம் பார்த்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தாடை தன்பாட்டுக்கு ஆடுகிறது. உன் முன்னால் வந்து நின்றேன். கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"வெயிலா இருக்குல்லா. கலர் குடிக்கியா?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"ரெண்டா வாங்குட்டி" என்றாய். "நீயும் பெயிலுதான்."

அந்த ஆஸ்பத்திரி வாசலில் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாட்டிலை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பை வாட்ச்மேன் வந்து அதட்டினான். அடுத்த சீசனுக்கு நீ இல்லை.

கேள், இப்போது என் கணக்கைப் பார். என் கையால் திறந்த முதல் முடிவு, உன்னுடையது. அடுத்தது தோசைக் கல் சுட்டது. அதற்கடுத்தது பெயர் இல்லாத பட்டியல். வரலாறு படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிற ஒருத்தி இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் உனக்கு இருந்த ராசிக்கு நேர் எதிரான ஒன்று என் கையில் இருக்கிறது என்று நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன். நான் திறந்தால் அது கெட்டுப்போகும். வேறு யாராவது திறந்து, திரும்பி நில் என்று எனக்குச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல ஊரில் ஒருத்திதான் இருந்தாள்.

அடுக்களையில் ஏதோ சத்தம் கேட்கிறது. மாமி என்னைக் கூப்பிடுகிறார். வைத்துவிட்டு வருகிறேன்.

*

இப்போது இருட்டப் போகிறது. மீதியை எழுதுகிறேன்.

மாமி ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளக்கப் போயிருக்கிறார். படியோடு போனும் சேர்ந்து வந்துவிட்டது. "ஏட்டி, இதுக்குள்ள இங்கிலீசுல என்னமோ வந்து கெடக்கு" என்று நீட்டினார். பல்கலைக்கழகத்திலிருந்து செய்தி. பட்டியல் வெளியிடப்பட்டிருக்கிறது, இணையதளத்தில் காண்க.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமிக்கு எழுபத்திரண்டு வயது. பிஎச்.டி. என்றால் ஏதோ ஊசி போடும் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவர். "இங்கன ஒக்காந்தா எதிர் வீட்டுக்காரி ஒஞ் செருப்பத் தூக்கிட்டு வந்து நிப்பா. என்னன்னு கேப்பா, சொல்லணும். வா, குத்தாலம் போவோம். இப்பம் அங்கன ஒரு ஈ காக்கா இருக்காது. அங்க வச்சுப் பாரு" என்றார். முழங்கால் வலியென்று ஒரு மாதமாக மாடிப்படி ஏறாதவர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறினார்.

மெயின் அருவியில் பாறைதான் இருந்தது. ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கசிவு. வெளியூர்க் குடும்பம் ஒன்று அதன் கீழே வரிசையாக நின்று ஆளுக்குக் கொஞ்சம் தலையை நனைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் மாமியிடம் வந்து, "என்னம்மா, இவ்வளவு தூரம் வந்தோம், தண்ணியே இல்லையே" என்று குறைப்பட்டார். "சூன்ல வாங்க. இப்பம் வந்து கேட்டா நாங்க எங்கன போயி அள்ளிட்டு வர?" என்றார் மாமி. படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஒரு குரங்கு எங்கள் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

போனைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. யாராவது திரும்பி நிற்காமல் இந்தக் காரியம் நடக்காது என்று தோன்றியது.

"மாமி, நீங்க கொஞ்சம் அங்கன திரும்பிக்கிடுங்க."

"நான் எதுக்குட்டி திரும்பணும்? பரிச்ச எழுதுனது நீ."

"யாராவது திரும்பணும் மாமி."

என் குரலில் என்ன இருந்ததோ, மாமி வாய்க்குள் என்னமோ ஓதிக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்து, பாறைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். உன் முதுகு மாதிரி இல்லை, அகலமான முதுகு. ஆனாலும் ஒரு முதுகு.

பட்டியல் வந்தது. எல்லாத் துறையும் ஒன்றாக. தாவரவியல், வேதியியல், வணிகவியல். விரல் வழுக்கியதில் பக்கம் தாவி விலங்கியலில் போய் நின்றது. திரும்ப மேலே வந்தேன். வரலாறு, பகுதிநேரம். கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். ஜூன் மாதமும் ஜன்னல் உயரமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. இரும்பு நாற்காலியும் வந்தது. விரலை மெல்ல எடுத்தேன். என் பெயர். இனிஷியலோடு, என்னைப் பெற்ற அத்தாவின் பெயரோடு, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் என் பெயர்.

மாமிக்குப் பொறுக்கவில்லை, திரும்பிவிட்டார். என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "என்னட்டி இது? அழுதியா சிரிக்கியா, ஒண்ணும் வெளங்கல. கெடச்சுதா இல்லையா? சொல்லித் தொலையேன்!"

"கெடச்சிருக்கு மாமி."

மாமி அல்லாவுக்கு நன்றி சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்பம் அந்தத் துணிக்கடையில யாரு ஒக்காருவா?" என்றார். அவரே பதிலும் சொன்னார்: "நான் ஒக்காருதேன். அங்கன மாடிப்படி இல்லல்லா."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். பெரிய அழகொன்றும் கூடிவிடவில்லை. ஆனால் மாமியால் அதில் எதையும் படிக்க முடியவில்லையே, அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு முன்னால் எனக்கு வராத முகம், உனக்காக வைத்துக்கொள்ள முடியாமல் போன முகம், இத்தனை காலம் கழித்து என் சொந்த முடிவின்போது தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. உன் கடையை இன்று யாரோ செல்போன் பழுது பார்க்கும் கடையாக்கிவிட்டார்கள். ஸ்டூல் எங்கே போயிற்றென்று தெரியாது. உன்னுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த முகம்தான். இனி யாராவது ஒரு கவரையோ போனையோ என் கையில் கொடுத்து, நீ பாரு என்றால், நான் பார்ப்பேன். பயந்துகொண்டுதான் பார்ப்பேன். ஆனால் அவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பார்ப்பேன்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கௌரவமாக இருக்கும். ஆனால் உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும், எத்தனை பேரைத் தள்ளிவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், பல்கலைக்கழக அலுவலகத்துக்கு, மூடுகிற நேரம் பார்த்து, போன் போட்டேன். குரலில் கொஞ்சம் பணிவைக்கூடத் தடவிக்கொண்டுதான் கேட்டேன். அங்கிருந்த அம்மா ஏதோ காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: வரலாறு பகுதிநேரத்தில் மூன்று இடங்கள், விண்ணப்பித்தது நான் ஒருத்திதானாம்.